பற்றறிய மாத்து, பற்றறிய மாத்து!

ஒண்டரை வருசத்தில மூணு பற்றறி வாங்கின மடையன் ஒருத்தன் மட்டக்களப்பில இருக்கான் எண்டா அது நான்தான். எழுதித் தீர்க்காட்டி நெஞ்சு வெடிச்சிரும்.

என்ர வான் 1992ம் ஆண்டு டொயோட்டா லைட் ஏஸ், டீசல். "இதை இன்னும் வித்துத் துலைக்கல்லயா?" எண்டு கேக்குற ஆக்களே, 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க. தனியார் வாகனத்துக்கு மறுகா திறந்தது 2025 பெப்ரவரியில. வரியோட சேத்துச் சொல்ற விலையக் கேட்டா ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டுச் சுவரும் எழுப்பலாம். கிழவனோடதான் என்ர காலம்.

கிழவன்ட நோய் இதுதான். காலையில ஒரு அடியில ஸ்டார்ட் ஆகும். ஓடிப் போய் நிப்பாட்டி, மறுகா சாவியத் திருகினா "டக்". அதோட சரி. ஓடக்குள்ள சார்ஜ் லைற் முழுசா அணையிறதும் இல்ல, எரியிறதும் இல்ல, மின்மினிப் பூச்சி மாதிரி ஒரு மங்கல். ஒருக்கா கல்லடிப் பாலத்தில ஓஃப் ஆகி நிண்டு, பின்னால வந்தவன் எல்லாம் ஹோர்ன் அடிச்சே என்ர மானத்த வாங்கினான். பக்கத்தில 1924ல கட்டின பழைய பாலம் அசையாம நிக்குது. என்ர வானும் அப்பிடித்தான், அசையாம நிண்டது.

முதல் காட்டின மெக்கானிக் பாஸ் இஞ்சினுக்குக் கிட்டவும் வரல்ல. "பற்றறி போயிட்டு தம்பி." மாத்தினன். ஆறு மாசம். டக். ரெண்டாவது ஆள் பற்றறியையும் மாத்தச் சொல்லி, பற்றறிக்குச் சார்ஜ் குடுக்கிற டைனமோவையும் கழட்டி ஓவரோல் செய்தார். "ஸ்டார்ட் பண்ணக்குள்ள அக்சிலரேட்டர் கேபிள் கை வைக்க ஏலாம சுடுது, கருகின மணம் வருது" எண்டு சொன்னன். "பழைய வண்டிதானே" எண்டார். பழைய வண்டி எண்டா கேபிள் சுடுமா? அப்ப எங்கட அம்மம்மாட பழைய சைக்கிளும் சுடோணுமே! வோல்ற் பாக்கிற மீற்றர் ஒண்டு மேசையில கிடந்தது. அதுக்கு மேல பிளேன்ரீக் கோப்பை. நான் கண்ணால கண்டன். மூணாவது பற்றறியும் ரெண்டாவது வாங்கின அதே கடையிலதான்.

மறுகா வந்திச்சு ஆடி அமாவாசை. அப்பா இல்லாத வீடு, திருக்கோவில் தீர்த்தத்துக்குப் போகாம ஏலாது. விடிய நாலு மணிக்கு அம்மா, மனிசி, மகள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். விரதம், பச்சைத் தண்ணி பல்லில படல்ல. களுவாஞ்சிகுடி தாண்ட ஹெட்லைற் மஞ்சளாகி, கல்முனையில ரோட்டுத் தெரியல்ல. நிந்தவூரில அம்மாக்கு வயித்தப் பிரட்டுது எண்டு நிப்பாட்டினன்.

டக்.

"மனே, அப்பாக்குத் தண்ணி விடோணும்" எண்டா அம்மா. அவ்வளவுதான் சொன்னா.

சுபஹ் தொழுதிட்டு வந்த காக்கா ஒராள், ரயர் கடை வச்சிருக்கிறவர், தானா வந்து என்ன தம்பி எண்டார். "காக்கா, பற்றறி புதுசு, டைனமோ செய்தது..." எண்டு என்ர புராணத்தத் தொடங்க, "பற்றறிய விடுங்க" எண்டார். லைட் ஏஸில இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ. அம்மாவ இறக்கி, பூத்தட்ட இறக்கி, சீற்றத் தூக்கினம். ஜம்பர் வயரில கறுப்ப மட்டும் எடுத்து, ஒரு நுனிய பற்றறிட மைனஸில, மற்றத இஞ்சின்ட போல்ற் ஒண்டில கவ்வ வச்சு, "செல்ஃப் அடிங்க" எண்டார்.

ஒரே அடி. எழும்பிற்று.

இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில குந்திக்கொண்டிருக்கு. வான்ட பொடிக்கும் அதுக்கும் இடையில ஒரு ஆர்த் வயர் நல்லா இருக்கோணும், இல்லாட்டி கரண்ட் திரும்பிப் போக வழியில்ல. எங்கட ஆர்த் வயரக் கழட்டிக் கையில தந்தார். முனை முழுக்கக் கறள், செம்பெல்லாம் பச்சைக் களிம்பு, உயிரோட இருந்தது நாலைஞ்சு நூல். அந்த வழி அடைபட்டுத்தான் கரண்ட் அக்சிலரேட்டர் கேபிளுக்கால ஓடியிருக்கு. சுடாம என்ன செய்யும்? அவர் மீற்றரும் வச்சார், கோப்பை வைக்காத மீற்றர். டைனமோவில 14.3, பற்றறியில 12.1. ரெண்டு வோல்ற்ற அந்தக் கறளே தின்னுது. அரைவயித்துச் சாப்பாட்டில கிடந்த பற்றறிகளத்தான் நான் செத்துப் போயிட்டு எண்டு தூக்கிக் குடுத்திருக்கன்.

இன்னொருத்தனயும் இங்க திட்டோணும், வானை எனக்கு முதல் வச்சிருந்தவன். ஆறு ஸ்பீக்கர் பூட்டினவன். டொயோட்டாக்காரன் ஆர்த்துக்கு எண்டு வெள்ளையில கறுப்புக் கோடு போட்ட வயர் விட்டிருக்கான், குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும். இவன் சிவப்பு வயர ஆர்த்தாக்கி, முறுக்கி, செலோடேப் சுத்தியிருக்கான். செலோடேப்! அவன்ட கல்யாண வீட்டில கரண்ட் போக.

காக்கா வெல்டிங் கேபிள்ல ஒரு முழம் வெட்டி, ரெண்டு பக்கமும் லக் அடிச்சு, பொடியச் சுரண்டிப் பூட்டினார். பற்றறியில இப்ப 14.1. லைற் பளிச்செண்டு. 800 ரூபா. நான் பற்றறிக்கும் டைனமோவுக்கும் கொட்டினது ஒரு லட்சத்துக்கு மேல.

திருக்கோவிலுக்குப் போய்ச் சேர சாமி தீர்த்தமாடிக் கரையேறிற்று. சனமும் கலைஞ்சு போகுது. தனியக் கடலுக்குள்ள இறங்கி அப்பாக்குத் தண்ணி விட்டன். அம்மா ஒண்டும் பேசல்ல. பேசியிருந்தாலும் பரவாயில்ல.

நேத்து அந்தப் பற்றறிக் கடைக்குப் போனன், சண்டைக்கெண்டே. வாசல் ராக்கையில ஒரு பற்றறி, மேல மகள் ஒட்டின வண்ணாத்துப்பூச்சி ஸ்டிக்கர். பழசெண்டு 4,000 ரூபாக்கு என்னட்ட எடுத்த ரெண்டாவது பற்றறி. பக்கத்தில மட்டையில எழுதிக் கிடக்கு: "நல்ல கொண்டிசன். 18,000."