180 நாளை 45 ஆக்குங்கள்

பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறேன். முடித்த வேலைக்குக் கம்பெனி பணம் தர வேண்டிய கெடுவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் சலானோடு வரும். நாங்கள் ஓரம் சீவி, பசை வைத்து மடித்து, தைத்து, ஜோடி சேர்த்துத் திருப்பி அனுப்புவோம். சோல் ஒட்டுவது, பாலிஷ், பெட்டி எல்லாம் அங்கே. எங்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

"உனக்கென்னப்பா, சொந்தத் தொழில்" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. அதில் உண்மை இருக்கிறது. பெரிய கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் பத்து நிமிடம் லேட் என்றால் அரை நாள் கூலி போச்சு. பஸ் வரவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது என் யூனிட்டின் மணி பஸ்ஸைப் பார்த்து ஓடுகிறது. 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஆன பிறகு, முன்பு வர முடியாத கிராமங்களிலிருந்தும் வேலைக்கு வருகிறார்கள். அந்த பஸ் எப்போது வருகிறதோ அப்போதுதான் எங்களுக்குக் காலை. ரம்ஜான் மாதம் சாப்பாட்டு இடைவேளையைக் குறைத்துவிட்டு, நோன்பு திறக்க வீடு போய்ச் சேரும்படி முன்னதாகவே மூடிவிடுவோம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அன்று எவ்வளவு அவசர ஷிப்மெண்டாக இருந்தாலும் மெஷின் ஓடாது. இதையெல்லாம் யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு புது மாடல் சாம்பிளில் வளைவில் சுருக்கம் விழுந்துகொண்டே இருந்தது. கம்பெனி டெக்னீஷியன் சொன்ன வரிசையை மாற்றி, லைனிங்கை முதலில் ஒட்டிவிட்டுத் தைத்தால் சரியாகும் என்று எங்கள் மெஷின்காரம்மா ஒருவர் சொன்னார். தைத்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. கம்பெனியும் அதையே குறித்துக்கொண்டது. மாதச் சம்பளத்துக்கு இருந்தபோது எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் வாய்க்கவில்லை.

கரண்ட் போவது, மெக்கானிக் போனை எடுக்காதது, சீசனில் ஆள் கிடைக்காதது, இதெல்லாம் தொழில் என்றால் இருக்கத்தான் செய்யும். என் புகார் ஒன்றே ஒன்று. செய்து முடித்த வேலைக்குக் காசு எப்போது வரும் என்று தெரியாது.

நான் கொடுக்க வேண்டியதற்கெல்லாம் தேதி இருக்கிறது. கூலி சனிக்கிழமை. பிஎஃப், இஎஸ்ஐ மாதம் 15-க்குள். இவற்றுக்கு மேல் ஜிஎஸ்டி. போடும் ஒவ்வொரு பில்லுக்கும் வரி. கம்பெனி எனக்குக் காசு கொடுத்ததா இல்லையா என்று அரசு கேட்காது. பில் போட்ட கணக்கில் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அதோடு ரிட்டர்னுக்கு லேட் ஃபீஸ்.

இனிதான் வேடிக்கை. நான் கட்டிய அந்த வரியைக் கம்பெனி தன் கணக்கில் இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரவாக, எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்பவர் என்றால் அதை அரசிடமிருந்து ரீஃபண்டாகவும் வாங்கலாம். எனக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. நான் நகையை அடகு வைத்துக் கட்டிய வரி, அவருக்கு வரவு. கேட்டால் அக்கவுண்ட்ஸில் இருப்பவர், "ஷிப்மெண்ட் போகட்டும்ணா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார். நல்ல மனிதர்தான், அவர் கையில் எதுவும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். மாநில அரசின் மன்றம் 90 நாளில் முடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் புகார் கொடுத்த மறுநாள் என் வாசலுக்குத் தோல் வராது. இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒரு கம்பெனியோடு தகராறு செய்தவன் பெயர் சாயங்காலத்துக்குள் மற்றவர்களுக்கும் போய்விடும்.

2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த 15 அல்லது 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால், எப்போது கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான் கம்பெனி அதைச் செலவாகக் காட்ட முடியும். நல்ல யோசனை. நடைமுறையில் என்ன ஆகிறது தெரியுமா? மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் அந்த ஆண்டுச் செலவிலேயே வந்துவிடும். அதனால் மார்ச்சில் மட்டும் அவர்களே போன் செய்து "உங்க பேலன்ஸ் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். ஏப்ரலிலிருந்து பழையபடி.

பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்க உதவும் ட்ரெட்ஸ் இணையதளம் பற்றியும் யாராவது கேட்பீர்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அந்தத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பதிவு செய்வது வேறு. கம்பெனி என் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால்தான் வங்கி எனக்குப் பணம் தரும்.

கம்பெனி தரப்பிலும் நியாயம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டு பையர் அவர்களுக்கு உடனே கொடுப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது பலர் ஆடிப்போனார்கள். ஆனால் அவர்களுக்கு ஏற்றுமதி ஆர்டரைக் காட்டினால் வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற முன்கடன் கிடைக்கும். எனக்கு அடகுக் கடைதான். டாலர் ஏறியபோது ஜோடிக்கு ஒரு ரூபாய் கூட்டித் தந்ததாக எனக்கு நினைவில்லை, வரி ஏறியபோது மட்டும் நானும் பங்காளி.

அதனால் நான் கேட்பது புதுச் சட்டம் இல்லை. ஜிஎஸ்டியில் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராவிட்டால், வாங்கியவர் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். சிறு யூனிட்டுகளின் பில்லுக்கு மட்டும் அந்த 180-ஐ 45 ஆக்குங்கள். பில் போட்ட தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறது. கம்பெனி பணம் கொடுத்த தேதியையும் அங்கேயே பதிய வைத்தால் போதும். நான் புகார் கொடுக்க வேண்டாம், யாரையும் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தாமதம் செய்தவர் தாமதத்தின் செலவை ஏற்கட்டும் என்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாத நியாயம் இல்லை.

அதுவரைக்கும், சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த உதயம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சடிக்காத, என்னைப் போல் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டர் என்று எந்தக் கம்பெனியாவது கேட்டால் கமெண்டில் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். ரிஜெக்ட் பீஸுக்கு டெபிட் நோட் போட்டு எங்கள் பில்லில் கழிக்கும் கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.