எண்ணிக்கிட்டே இருங்கவே

கனடியன் ஓவர்டைம் என்ற நேரக் கணக்குச் சவத்தைக் கோ போட்டியில் (கருப்பு, வெள்ளைக் கல்லைப் பலகையில் வைத்து ஆடுகிற விளையாட்டு) இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள், முகத்தையாவது பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று நாகர்கோவிலில். ஆளுக்கு 30 நிமிடம், அது தீர்ந்தால் 5 நிமிடத்துக்குள் 20 கல் வைத்தாக வேண்டும். இருபதையும் வைத்து முடித்தால் கடிகாரத்தை நிறுத்தி, இன்னொரு 20 எண்ணி, மறுபடி 5 நிமிடம் ஏற்ற வேண்டும். விளையாட வந்தோமா, சந்தையில் தேங்காய் எண்ண வந்தோமா?

என் 20 கல்லை எண்ணி மேசையில் குவித்தாச்சு, கிண்ணத்தை மூடியாச்சு. எதிரே அண்ணாச்சி டீயை எடுக்கக் கையை நீட்டுகிறார், முழங்கை குவியலில் இடிக்கிறது. பிளாஸ்டிக் கல்தானே, ஒன்று உருண்டு போயிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? என் கண் முழுக்க வலது மூலையில் உயிருக்கு இழுத்துக்கொண்டிருந்த என் கல் கூட்டத்தின் மேல். குவியல் காலி, 3 நொடி மிச்சம். கடிகாரத்தை நிறுத்திப் போட்டி நடத்துகிற தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான், குனிந்தான், நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தான்.

"அண்ணே, 19தான் வச்சிருக்கீங்க."

"தட்டிவிட்டது யாருடே?"

"அதெல்லாம் ரூல்ல இல்லண்ணே."

அப்புறம் பஞ்சாயத்து. ஒருத்தர் போனில் விதியைத் தேடுகிறார், சிக்னல் இல்லை. இன்னொருத்தர், பலகையில் கிடக்கும் கல்லையெல்லாம் முதலிலிருந்து எண்ணிப் பார்க்கலாமே என்கிறார். மகராசன்! இவ்வளவு நேரமும் அண்ணாச்சி டீயை உறிஞ்சியபடி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் நிற்கிறது, மூளை ஓடுகிறது, இலவசமாக. கடைசியில் தீர்ப்பு: இருபதாவது கல்லை அந்த 3 நொடியில் வை. அண்ணாச்சி டம்ளரை இறக்கினார், என் கூட்டம் பிழைக்கத் தேவையான இரண்டாவது கண் (கூட்டத்துக்குள் எதிரி நுழைய முடியாத காலியிடம்) கிடைக்க இருந்த ஒரே புள்ளியில் பொத்தென்று கல்லை வைத்தார். "வைங்க மக்களே."

3 நொடியில் என்னத்தை வைக்க? எங்கேயோ வைத்தேன். மூலை செத்தது. உடனே தம்பி அக்கறையாக உட்கார்ந்து புதுசா 20 கல் எண்ணி, 5 நிமிடம் ஏற்றிக் கொடுத்தான். எதுக்குடே? பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழவா?

ஜப்பான்காரன் ப்யோயோமி வைத்திருக்கிறான். 30 நொடிக்குள் வைத்தால் மறுபடி முழு 30, தாண்டினால் கையிலிருக்கும் 30 நொடிச் சுற்றுகளில் ஒன்று போச்சு. எண்ணுவதற்கு ஒரு மண்ணும் இல்லை. சரி, அது வேண்டாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடி கூட்டித் தரும் கடிகாரத்துக்கு செஸ் சாம்பியன் பாபி பிஷர் 1988-லேயே காப்புரிமை கேட்டு எழுதிப்போட்டார். கொடுமை என்னவென்றால், மேசையில் இருந்ததே அப்படிக் கூட்டித் தரும் டிஜிட்டல் கடிகாரம்தான்! "கோவுக்கு இதுதான் வழக்கம் அண்ணே"யாம்.

இதில் மத்தியானச் சாப்பாடு வேறு. ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில், சாம்பார். ஒரு சாளைக்குக்கூடவா வழியில்லை? குளச்சல் என்ன கனடாவிலா இருக்கிறது?