அடையாறு முகத்துவார மணலில் விழும் வெளிச்சம்

பெசன்ட் நகரின் கடைகளைக் கடந்து, ஊரூர் குப்பத்தின் வழியாக வடக்கே நடந்தால், உடைந்த பாலமும் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் வருகின்றன. ஆமைகள் முட்டையிடும் கரைக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உச்சபட்சப் பாதுகாப்பைத் தருகின்றன. இங்கே கரையேறும் பங்குனி ஆமை என்னும் கடலாமையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனாலும் அந்த மணலின்மேல் இரவெல்லாம் நகரத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

தையிலிருந்து பங்குனி வரை இரவில் கரையேறும் பெண் ஆமை, பின்துடுப்புகளை மாற்றி மாற்றிச் செலுத்தி முழ ஆழத்துக்குக் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, மணலைத் தள்ளி மூடி, தன் உடலையே இடமும் வலமும் சாய்த்து அந்த இடத்தைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுத் திரும்புகிறது. ஏறக்குறைய ஐம்பது நாளில் வெளிவரும் குஞ்சுகள் எந்தத் திசை வெளிச்சமாகத் தெரிகிறதோ அங்கே ஓடும். இருண்ட கரையில் அது கடல். நம் கரையிலோ அது தெருவிளக்கு. சாலைப் பக்கம் போன குஞ்சு நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிறது, அல்லது வெயிலில் காய்ந்து சாகிறது.

இதனால்தான் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவுதோறும் நடந்து, முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் கூட்டமாகப் போய்ப் படமெடுத்து மகிழும் நாம், முட்டைகள் இட்ட இடத்திலேயே பொரிக்க முடியாதபடி இந்தக் கரையை ஆக்கியது யார் என்று கேட்டுக்கொள்வதில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கிய ஆமைகளுக்காக மீன்பிடிப் படகுகளின் இழுவை வலைகளைக் குற்றம்சாட்டினோம்; அது நியாயமே. விளக்குகளோ நம்முடையவை.

விளக்கில்லாவிட்டால் பாதுகாப்பில்லை என்பவர்களின் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. நடைபாதைக்கு மட்டும் ஒளி விழும்படி மறைப்பிட்ட, தாழ்வான, செம்மஞ்சள் விளக்குகள் போதும். கடலை நோக்கிய உயர்கோபுர விளக்குகளை ஜனவரி முதல் குஞ்சுகள் பொரித்து முடியும்வரை அணைத்து வைக்க வேண்டும். கடலைப் பார்த்த அடுக்குமாடிகளில் இருப்போர் இரவில் திரைச்சீலையை இழுத்துவிடலாம். முகத்துவாரத்தைப் பார்க்க வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடட்டும். இருட்டிய பிறகும் நிற்க நேர்ந்தால், செல்பேசி விளக்கை அணைத்து வைக்கட்டும்.