மழை எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியும்

சனிக்கிழமை நடந்தது இங்க எல்லாருக்கும் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லப் போறதில்ல. எழுத வேணாம்னு தான் ரெண்டு நாளா இருந்தேன். ஆனா நம்ம நீலகிரி ஊர்க்காரங்க குரூப்லயே ஒருத்தர் "ஒரு சனிக்கிழமை ஸ்கூல் வச்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா"ன்னு கேட்டதப் பாத்ததும் மனசு கேக்கல.

ஸ்கூல் வச்சது பிரச்சனையே இல்லீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்போது மணிக்கு மெசேஜ் போட்டு, மழை லீவுக்கு ஈடா நாளைக்கு முழு வேலை நாள்னு சொன்னாங்க பாருங்க, அது தான் பிரச்சன. பசங்க ஏறற காலை பஸ் சனிக்கிழமை எங்க பக்கம் வராது, அது யாருக்குமே ஞாபகம் வரல. சத்துணவு அக்காவுக்கே காலைல தான் தெரியும். என் பையன் ஏழாவது படிக்கிறான், நாலு கிலோமீட்டர் தேயிலைக்குள்ள நடந்து போயி அதே வழில நடந்து வந்தான். சாயந்தரம் சாக்ஸக் கழட்டினா கணுக்கால்ல ரெண்டு அட்டை, ஒண்ணு ரத்தம் குடிச்சு உருண்டு சாக்ஸுக்குள்ளயே கெடக்கு, வெள்ளை சாக்ஸ் பாதி செவப்பு. நான் உப்பு வச்சு இன்னொண்ண எடுத்துட்டு இருக்கேன், அவன் சொல்றான், "அம்மா பாதி பேர் வரவே இல்ல, பாடமே நடத்தல, சும்மா தான் உக்காந்திருந்தோம்."

அப்புறம் எதுக்குங்க அந்த நாளு?

மழை நம்ம கையிலயா இருக்குன்னு கேக்கறாங்க. இல்ல. ஆனா மழை எப்ப வரும்ங்கறது இந்த மலையில குழந்தைக்குக் கூடத் தெரியும். குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன்ல தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு அடிக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு. ஒரே மாவட்டம், மழை ரெண்டு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. 2009 நவம்பர் மண்சரிவுல 40 பேருக்கு மேல செத்தாங்க. இவ்வளவுக்கு அப்புறமும் ஒவ்வொரு ஜூலைலயும் இப்ப தான் மழைய மொதமொதல்ல பாக்கற மாதிரி பதறுனா என்ன அர்த்தம்? லீவு விடறதத் தப்புன்னு நான் சொல்லவே இல்ல, புள்ளைங்க உசுரு முக்கியம். லீவு வரும்னு தெரிஞ்சும், விட்டுப் போன பாடத்த எந்த நாள்ல ஈடு கட்டறதுன்னு ஏப்ரல்லயே ஏன் உக்காந்து முடிவு பண்ணலன்னு தான் கேக்கறேன். திட்டம் போடணும்ங்க. வேற ஒண்ணும் கேக்கல.

இது முடியாத காரியம்னு மட்டும் சொல்லாதீங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். 90கள்ல நான் படிச்ச ஸ்கூல் ஓட்டுக் கட்டடம், ரெண்டு கிளாஸுக்கு ஒரே டீச்சர். எங்க கணக்கு டீச்சர்கிட்ட நீல அட்டை போட்ட நீளமான நோட்டு ஒண்ணு இருக்கும். மழையால ஸ்கூல் நடக்காத நாளுக்கு நேரா பென்சில்ல சின்னதா ஒரு குடை வரைவாங்க. வருசா வருசம் அந்தக் குடையெல்லாம் ஒரே வாரங்கள்ல தான் வந்து நிக்கும், அதப் பாத்து கஷ்டமான பாடம் எதையும் அந்த வாரங்கள்ல வைக்க மாட்டாங்க. பின்னக் கணக்கு ஸ்கூல் தெறந்த உடனே முடிஞ்சிரும். ஜூலைக்கு முன்னாடி ஆளுக்கு இருபது கணக்குக் கைல எழுதிக் குடுத்துருவாங்க, வீட்ல அடைஞ்சு கெடக்கறப்ப போட. எங்கம்மா இலை பறிக்கப் போயிருவாங்க, அடுப்புப் பக்கத்துல உக்காந்து தம்பியையும் பாத்துக்கிட்டு அந்த இருபதையும் போட்டு முடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. கம்ப்யூட்டர் இல்ல, ஆப் இல்ல, சர்க்குலர் இல்ல. ஒரு நோட்டு, ஒரு பென்சில், அவ்வளவு தான்.

"அந்தக் காலத்துல நாங்கல்லாம் நடந்து தான் போனோம்"னு ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. நானும் நடந்தேன் அண்ணா. என்கூட ஆறாவதுல நடந்தவங்கள்ல எத்தன பேரு பத்தாவது வரைக்கும் நடந்தாங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. என் பக்கத்துல உக்காந்தவ ஒரு மழைக்காலம் முழுக்க வரல, அப்புறம் பாடம் புரியலன்னு வெக்கப்பட்டு வரவே இல்ல, இன்னைக்கும் எஸ்டேட்ல தான் இலை பறிக்கறா. நடந்தோம்னு பெருமையா சொல்றதுக்கு எனக்கு மனசு வரல.

கல்வி உரிமைச் சட்டத்துல ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் 200 நாள், 800 மணி நேரம். ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 220 நாள், 1000 மணி நேரம்னு தெளிவா இருக்கு. எல்லாரும் அந்த 220அ நிரப்பத்தான் ஓடறாங்க, 1000 மணி நேரம் ஆச்சான்னு யாரு கேக்கறா? போன சனிக்கிழமை ரிஜிஸ்டர்ல ஒரு நாளு ஏறிருச்சு, என் பையன் மண்டைல ஒரு மணி நேரம் கூட ஏறல. அதே சட்டத்துல பெத்தவங்க இருக்கற பள்ளி மேலாண்மைக் குழு தான் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயார் பண்ணணும்னும் இருக்கு. எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா பஸ் வராதுன்னு சொல்லியிருப்போமே.

டீச்சர்களத் திட்டறேன்னு சிலர் நெனைக்கறீங்க. கெடையாது. அவங்களுக்கும் அதே ராத்திரி தான் மெசேஜ் வந்துச்சு, அவங்களும் பஸ் இல்லாம தான் வந்தாங்க. தனியார் ஸ்கூல்ல சேத்துற வேண்டியது தானேன்னு கேட்டவருக்கு பதில் சொல்ல விருப்பமில்ல.

சரி, திட்டம் போடத் தெரியாத ஊரா இது? டூரிஸ்ட் சீசன் வந்தா பாருங்க. எந்த ரோடு ஒன்வே, எங்க பார்க்கிங், எத்தன ஸ்பெஷல் பஸ், மலர்க் கண்காட்சி என்னைக்கு, எல்லாம் முன்கூட்டியே முடிவாயிரும். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டி மலை ஏற இ-பாஸ். 2025 சீசனுக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு கோர்ட்டு எண்ணிச் சொல்லுச்சு. வெளியூர்க் கார எண்ண முடியுது. குந்தா பக்கம் எத்தன புள்ளைங்க எந்த பஸ்ஸுல வருதுங்கன்னு எண்ண முடியலையா? ரெண்டு நாளு ரோஜாப்பூ பாக்க வர்றவங்களுக்கு இருக்கற யோசனை, வருசம் பூரா இங்கயே மழைல நனையற எங்க புள்ளைங்களுக்கு ஏன் இல்ல? இத எழுதறப்ப எனக்கு அழுகையே வருது, கோவம் கூட இல்ல. எங்கள இந்த மலையில யாரும் எண்ணிக்கையிலயே வைக்கலன்னு தோணுது.

நேத்து அந்தக் கணக்கு டீச்சருக்கு போன் பண்ணேன். ரிட்டயர் ஆயி இப்ப குன்னூர்ல மகன் வீட்ல இருக்காங்க. நீல நோட்டு அஞ்சாறு இன்னும் பெட்டிக்குள்ள கெடக்குதாம், "எடுத்துட்டுப் போடி, யாருக்காவது ஆகட்டும்"னாங்க. ஞாயித்துக்கிழமை போறேன். அடுத்த குழுக் கூட்டத்துல மேஜை மேல விரிச்சு வச்சு, குடை போட்ட வாரங்கள ஒவ்வொண்ணா காட்டப் போறேன். எங்க பக்கத்துப் பெத்தவங்க யாராச்சும் கூட வர முடியும்னா சொல்லுங்க, பஸ் நேரம் பாத்து சேந்தே போகலாம்.