லிமோஜில் மூன்று சுற்று

எங்கள் வளவில் கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் நடுவில்தான் பங்கர் இருந்தது. 'எல்' வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தார்கள். மாரியில் உள்ளே தண்ணீர் நிற்கும். இலங்கை விமானப்படையின் சியாமாசெட்டிக் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் அம்மம்மா எங்களை உள்ளே தள்ளிவிட்டு, செம்பில் தண்ணீரோடு கடைசியாக இறங்குவா. இறங்கியதும் சுற்று எண்ணத் தொடங்கிவிடுவா. "முதலாம் சுத்து... ரெண்டாம் சுத்து... குனியுங்கோ பிள்ளையள், இனிப் போடப்போறான்." விமானம் பதிந்து வந்து வட்டமடித்தால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அப்படி வளர்ந்த நான் இன்று ஒரு குண்டுவீச்சு விமானியைப் பற்றி மரியாதையோடு எழுதுகிறேன்.

லெனார்ட் செஷயர், 1917இல் பிறந்த ஆங்கிலேயர். ஒக்ஸ்போர்ட்டில் சட்டம் படித்தவர். 1940 நவம்பரில் ஜேர்மனியின் கொலோன் நகருக்குப் போன இரவில் கீழேயிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு அவருடைய விட்லி விமானத்துக்குள்ளேயே வெடித்து, ஒரு பக்கம் கிழிந்துபோனது. அதை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். 25 வயதில் பிரிட்டிஷ் விமானப்படையில் குறூப் கப்டன் என்ற உயர் பதவி. மேசைக்குப் பின்னால் இருக்கப் பிடிக்காமல், பதவியைக் குறைத்துக்கொண்டு 617ஆவது ஸ்குவாட்ரன் என்ற குண்டுவீச்சு அணியின் தலைவராகத் திரும்பவும் பறக்கப் போனார். 1944இல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை கிடைத்தது. பெரும்பாலும் ஒரு நாள் வீரச்செயலுக்குத்தான் அந்தப் பதக்கத்தைக் கொடுப்பார்கள். இவருக்கோ நாலு வருடப் போருக்கும் சேர்த்து, நூறு தாக்குதல்களுக்குக் கொடுத்தார்கள்.



ஆனால் பதக்கங்களை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது 1944 பெப்ரவரியில் நடந்த ஒன்று. ஜேர்மனியர் பிடித்து வைத்திருந்த பிரான்ஸில், லிமோஜ் என்ற ஊரில் ஒரு விமான என்ஜின் தொழிற்சாலை. 12 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் அதை உடைக்கப் போயின. உள்ளே இரவு வேலையில் பிரெஞ்சுப் பெண்கள். செஷயர் கூரையை உரசுகிற மாதிரிப் பதிந்து மூன்று தடவை பறந்தார், குண்டு போடாமல். எச்சரிக்கை அது. அவர்கள் ஓடி வெளியேறிய பிறகுதான் அடையாள வெளிச்சம் போட்டார், மற்றவர்கள் அடித்தார்கள். அவ்வளவு பதிந்து மூன்று தடவை போவது என்றால் கீழேயிருக்கும் துவக்குகளுக்குத் தன்னைக் காட்டிக் கொடுப்பதுதான். தெரிந்துகொண்டே செய்தார்.

யாழ்ப்பாணத்தில், எங்கள் நவாலித் தேவாலயத்தில் 1995 ஜூலை 9 அன்று அடைக்கலம் தேடி இருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. நூறுக்கும் அதிகமானவர்கள் போனார்கள். மேலேயிருப்பவனுக்குக் கீழே இருப்பது யாரென்று தெரியாது, அவனால் ஒன்றும் செய்ய முடியாது என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். லிமோஜில் ஒருவன் செய்திருக்கிறான்.

சரி, அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. 1945 ஓகஸ்ட் 9 அன்று நாகசாகி மேல் அணுகுண்டு வெடித்ததை விமானத்திலிருந்து பார்த்த பிரிட்டிஷ் பார்வையாளர்களில் அவரும் ஒருவர். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் துறவி மாதிரி மாறினார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது பிழை. அந்தக் குண்டு போரை முடித்தது என்றே கடைசிவரை சொன்னார். இதில் நான் அவரோடு உடன்படவே மாட்டேன். நாகசாகியில் கீழே இருந்தவர்களுக்கு ஒரு சுற்றுக்கூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் 1948. ஆர்தர் டைக்ஸ் என்று, புற்றுநோயில் கிடந்த ஒருவருக்குப் போக இடமில்லை, ஆளுமில்லை. செஷயர் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, கழுவித் துடைத்து, சாகும்வரை தானே பார்த்தார். நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்கிற செஷயர் இல்லங்கள் தொடங்கியது அங்கேதான்; இலங்கையிலும் இருக்கின்றன. 1992இல் இறக்கும்வரை அந்த வேலையிலேயே இருந்தார்.

போன கிழமை அம்மாவுக்கு லிமோஜ் கதையைச் சொன்னேன். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. கை நின்றது.

"மூண்டு சுத்தும் ஓடச் சொல்லியோ?"

"ஓம்."

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் என்னைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியவ அம்மா. கொஞ்ச நேரம் சுளகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா:

"இரவு வேலை எண்டனி. அப்ப அந்தப் பிள்ளையளும் இருட்டுக்குள்ளதானே ஓடியிருக்குங்கள்?"