போன் லாக்கை எடுக்கச் சொல்ல நீங்கள் யார்?

நேற்று முழுக்க எல்லோர் பக்கத்திலும் ஓடிய அந்த வீடியோவைப் பற்றித்தான். கஞ்சா தேடுகிறோம் என்று போலீஸ் வண்டியை ஓரங்கட்டி, பையனின் போனைப் பிடுங்கி, வாட்ஸ்அப்பைத் திறந்து, அவன் காதலி அனுப்பியதைச் சத்தமாக வாசித்துக் காட்டிய வீரம். கஞ்சா சிக்கியதா? இல்லை. ஆனால் கமென்டில் வரிசையாகச் சிரிப்பு எமோஜி. கூடவே அந்தப் பழமொழி: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

ஐயா, அந்தப் பழமொழியில் மடியில் கனம் வைத்திருப்பவன் திருடன் இல்லை. தன் காசை முடிந்துகொண்டு போகிற வழிப்போக்கன். அவன் பயப்படுவது வழிப்பறிக்காரனுக்கு. அப்படியென்றால் இங்கே வழிப்பறிக்காரன் யார்? நான் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். தேடுங்கள், ஆனால் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத் தேடுங்கள். இது என் ஆசை இல்லை, சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், 185-வது பிரிவு. வாரன்ட் இல்லாமல் தேட வேண்டுமா? விசாரிக்க ஒரு குற்றம் இருக்க வேண்டும். இன்ன பொருள் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். அதை முன்கூட்டியே வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். 105-வது பிரிவு சோதனையை வீடியோ எடுக்கவும் சொல்கிறது. ‘அதான் எடுத்தாங்களே’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப, உங்கள் குடும்ப குரூப்புக்கு அனுப்ப இல்லை.

எனக்கும் நடந்தது. ராத்திரி வாகனச் சோதனை. “தம்பி, லாக்கை எடு.” எடுத்துக் கொடுத்தேன். நடுரோட்டில் நின்று பிரிவு எண் பேசினால் என்ன ஆகும் என்று தெரியாதவனா நான்? கேலரியைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு படத்தில் நின்றார். அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்து, தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது என்று தங்கை எடுத்து அனுப்பியது. எனக்கே பெரிதாக்கிப் பார்க்க மனம் வராமல் அப்படியே டாக்டருக்கு ஃபார்வர்ட் செய்திருந்தேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். “யாருடா இது?” சொன்னேன். அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கடைசியில் “கிளம்பு” என்றார். அவ்வளவுதான்.

இதற்கும் சிரிப்பு எமோஜி போடலாம், போடுங்கள்.

‘அப்போ கஞ்சா விற்பவனை விட்டுவிடலாமா?’ பிடியுங்கள், யார் தடுத்தது? சட்டத்துக்குப் புறம்பாகத் தேடிக் கிடைத்தாலும் அந்தச் சான்று செல்லும் என்று 1974-லேயே பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறை தவறினாலும் வழக்கு அதனாலேயே விழுந்துவிடாது. அவ்வளவு சலுகை கொடுத்த பிறகும் நான்கு வரி எழுதக் கை வலிக்கிறது. அமெரிக்காவில் கைதான ஆளின் போனைத் திறக்கவே பொதுவாக வாரன்ட் வேண்டும், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 2014 ரைலி தீர்ப்பு. உடனே ‘அங்கேயே போய்விடு’ என்பீர்கள். சரி, அதை விடுங்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றபோது என் நட்புப் பட்டியலில் எத்தனை பேர் கொண்டாடினீர்கள்! அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு உள்ள உரிமை பழைய பைக்கில் வருகிற பையனுக்குக் கிடையாதா? பெரிய காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, ‘சார், லாக்கை எடுங்க’ என்று கேட்ட வீடியோ ஒன்று இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன். அந்தப் பையனையாவது விடுங்கள். வீடியோவில் அந்தப் பெண்ணின் பெயர் தெளிவாகக் கேட்கிறது. அவள் எந்தச் சோதனைச் சாவடியைக் கடந்தாள்?

காவலர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இன்பாக்ஸில் வந்து, ‘எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லை, எல்லாரையும் ஏன் சேர்த்துப் பேசுறீங்க’ என்று வருத்தப்பட்டார். தம்பி, உங்கள் அப்பா நல்லவராகவே இருக்கட்டும். எழுதிவைத்துவிட்டுத் தேடுவதில் நல்லவருக்கு என்ன கஷ்டம்?