"முடங்கிட்டாங்க"ளாம்!

நம்ம தேயிலை எஸ்டேட் சனங்களோட நடமாட்டத்தை அளந்த ஆராய்ச்சிக்காரங்க, ஒரு கூட்டத்துல கிராஃப் காட்டினாங்க. மண் சரிஞ்சு லயத்தை (எஸ்டேட் வரிசை வீடுகளை) காலி பண்ணி முகாமுக்கு வந்த நம்ம சனங்க கையில, நடையையும் தூக்கத்தையும் கணக்கெடுக்கிற பேண்டை ஒரு வாரம் கட்டிவிட்டாங்களாம். "நடமாட்டம் பாதியாயிடுச்சு, மக்கள் முடங்கிட்டாங்க"ன்னு முடிவும் சொல்லிட்டாங்க.

எதுல பாதி? சரிவுக்கு முந்தின வாரம் யார் கையில பேண்டு இருந்துச்சு? எஸ்டேட்டோட வேற டிவிஷன்ல கொழுந்தெடுக்கிறவங்க கணக்கை எடுத்துப் பக்கத்துல வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

பேண்டுக்குத் தெரிஞ்சது மணிக்கட்டு ஆட்டம் மட்டும். கொழுந்து வெட்டுற கத்தரி அடிக்கிற அடியில கொஞ்சம் ஸ்டெப்பாவும் ஏறிடும், கால் செடிக்கு நடுவுல நின்ன இடத்துலயே நின்னாலும். முகாம்ல கத்தரி ஏது? அங்க தண்ணி லாரிகிட்ட குடத்தை ரொப்பி, இடுப்புல வச்சு, பேண்டு கட்டின கையாலயே அணைச்சுக்கிட்டு மேடேறணும். கை ஆடாது, நடையும் மெதுவு. அதுல நிறைய ஸ்டெப் பதிவே ஆகாது. குறைஞ்சது நடையா, கூலி வேலையா?

"மெஷின் பொய் சொல்லுமா?"ன்னு வருவீங்க. சொல்லாது சாமி. சார்ஜ் போடக் கழட்டி வச்சா, "சும்மா உக்காந்திருந்தாங்க"ன்னு உண்மையாவே எழுதிக்கும். அதுக்குத்தான் தொடர்ந்து 60 நிமிஷம் பூஜ்யம்னா "கட்டலை"ன்னு ஒதுக்குவாங்க. ஒரு நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துல 4 நாளாவது கட்டியிருந்தாத்தான் கணக்குல சேர்ப்பாங்க. இவங்க எத்தனை பேரை ஒதுக்கினாங்க? ஸ்லைடுல காணோம்.

"அப்போ ஆராய்ச்சியே வேண்டாமா?" யார் சொன்னா? 2020ல போன் ஆப் வச்சு 187 நாட்டுல 4,55,404 பேரோட நடையைப் பார்த்தாங்க. கொரோனாவைப் பெருந்தொற்றுன்னு அறிவிச்ச 10 நாள்ல 5.5%, 30 நாள்ல 27.3% குறைஞ்சிருந்துச்சு. அவங்க "குறைஞ்சது"ன்னு சொல்லலாம், முந்தின கணக்கு கையில இருந்துச்சு. நம்ம பசங்க போன்லயும் பழைய கணக்கு கிடக்கும். யாராச்சும் கேட்டாங்களா? (பொம்பளைங்க போனை லயத்துல வச்சுட்டுத்தான் மலை ஏறுவாங்க, அது வேற சிக்கல்.)

இதையெல்லாம் கூட விட்டுடலாம். "தூக்கம் 8 மணி நேரம், திருப்தி"ன்னு ஒரு ஸ்லைடு போட்டீங்களே, அதைத்தான் தாங்க முடியல. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில 70 பேரை மண்ணு மூடுச்சு. அதுக்கப்புறம் மழை ராத்திரியில இந்த மலையில யாருய்யா தூங்குறா? செருப்பைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு, ஓடைச் சத்தம் மாறுதான்னு காதைக் கொடுத்துக்கிட்டு, பக்கத்துல தூங்குற புள்ள முழிச்சுடக் கூடாதுன்னு அசையாமப் படுத்திருப்பாங்க. அசையாம முழிச்சுக் கிடக்கிறதைப் பிடிக்கிறதுலதான் இந்தக் கருவி ரொம்பக் கோட்டை விடும். அதைத் தூக்கம்னு எழுதிக்கும்.

அடுத்த தடவை பேண்டைக் கணுக்கால்ல கட்டுங்க. ஒரு மழை ராத்திரி நீங்களும் லயத்துல வந்து படுங்க.